நீல புளூடூத் ஸ்கேனர்: கியர்பாக்ஸ் லைட்டுக்கு இது போதுமா?

கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்து வந்த ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும்) வண்டியில் கியர் லைட் எரிந்தால் போதும், "கிளட்ச் போச்சு" என்று சொல்ல ஆள் தயாராக இருக்கும். அதை நம்புவதற்கு முன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎல்எம்327 வகை ஸ்கேனரை, அதாவது வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் (கோட்) போனில் காட்டும் கருவியை, மாட்டிப் பார்க்கலாம். எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்து வாங்கினால் காசுக்கு மோசமில்லை.

மலிவு ஸ்கேனர்கள் பலவும் பி0700 என்று காட்டிவிட்டு நின்றுவிடும். அது கோளாறே இல்லை. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். நிஜக் கோட் உள்ளே இருக்கும். பி0715 என்றால் இன்புட் வேக சென்சார் சர்க்யூட், பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, பி0741 என்றால் டார்க் கன்வெர்ட்டர் (ஏஎம்டியில் இருக்காது; வேறு வகை ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதில் இருப்பது) லாக்கப் சரியாகப் பிடிக்கவில்லை. இதையெல்லாம் எடுக்க, 'கார் ஸ்கேனர்' மாதிரியான ஆப்பில் உங்கள் வண்டி கம்பெனியின் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். '2.1' பதிப்பு என்று போட்ட நகல் ஸ்கேனர்கள் பலவற்றில் சில கட்டளைகளே கிடையாது; இங்கேதான் திணறும். பிஐசி18எஃப்25கே80 சிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஐபோனுக்குச் சாதாரண புளூடூத் ஆகாது. வைஃபை அல்லது புளூடூத் எல்இ வேண்டும்.

வண்டி சமதளத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கட்டும். லீவர் 'பி'யில் (பார்க்), 'பி' இல்லாத ஏஎம்டியில் 'என்' (நியூட்ரல்). ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சொருகி, எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். போனோடு புளூடூத்தில் ஜோடி சேர்க்கக் கேட்கும் பின் நம்பர் 1234 அல்லது 0000.

கோட் எண்ணைப் பார்ப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ். ஏஎம்டியில் கிளட்சை இயக்கும் பம்ப் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவது. வோல்ட் இறங்கினால் இல்லாத கோளாறுக்கெல்லாம் கோட் விழும்.

கோட் எண்ணை உடனே அழிக்காதீர்கள். கூடவே பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் விழுந்தது என்ற தடயம் அதில்தான் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அழியுங்கள். பி0715 வந்ததும் சென்சாரை மாற்றுவதும் அவசரம். கனெக்டரைக் கழற்றி ஆயில் ஏறியிருக்கிறதா, பின்னில் பச்சை பிடித்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்க வேண்டாம். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டவும் கூடாது. வண்டி ஓடும்போது லைவ் டேட்டா (அந்த நேரத்து அளவுகள்) பார்க்கப் பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது. பி0218 என்றால் கியர்பாக்ஸ் சூடு மீறிவிட்டது, ஓரங்கட்டி ஆறவிடுங்கள். கருகிய வாடையோ கியர் விழாமையோ இருந்தால் ஓட்டாமல் டோ வண்டி கூப்பிடுங்கள். கிளட்ச் மாற்றியபின் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு அதைப் பழக்கச் செய்யும் 'லேர்னிங்'கை இதை வைத்துச் செய்ய நினைக்காதீர்கள். அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான்.

வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். சாக்கெட்டின் 16-வது பின்னில் எப்போதும் கரண்ட் உண்டு. நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கிவிடும்.