காதர்பேட்டை சர்ப்ளஸ் வரிக்குதிரை பனியன்: துணி அருமை, அட்டையைத்தான் வெட்டிவிட்டார்கள்

திருப்பூர் காதர்பேட்டையில் சர்ப்ளஸ் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கழுத்து லேபிளைப் பாருங்கள். பாதியில் வெட்டியிருந்தால் பெரும்பாலும் ஏற்றுமதி லாட்டில் மிஞ்சிய சரக்கு. முழுசாகப் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படலாம். நான் எடுத்த வரிக்குதிரை பனியனில் லேபிள் வெட்டித்தான் இருக்கிறது. அதனால் பிராண்டு எது என்று கேட்காதீர்கள். கடைப் பெயரும் வேண்டாம், இதே லாட் அந்தத் தெருவில் இரண்டு மூன்று கடைகளில் தொங்குகிறது. குழந்தைகள் சைஸ் 140 ரூபாய், பெரியவர்கள் சைஸ் 220.

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவள் நான். அதனால் துணியைத் தடவிப் பார்க்காமல் எதையும் எடுக்க மாட்டேன். இது சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒற்றைப் பின்னல் துணி. கையில் பிடித்தால் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சொல்லலாம். என்சைம் போட்டு அலசும் பயோவாஷ் செய்திருப்பதால் மேலே பஞ்சு கிளம்பவில்லை. கழுத்து ரிப் இழுத்து விட்டால் திரும்பப் போய் உட்காருகிறது. தோளுக்குத் தோள் டேப் வைத்திருக்கிறார்கள். துவைத்த பிறகும் பக்கத் தையல் முன்பக்கம் சுற்றிக்கொண்டு வரவில்லை, சர்ப்ளஸில் இது பெரிய விஷயம். பிசிறு மட்டும் சரியாக வெட்டவில்லை. பாட்டம் மடிப்பில் நூல் தொங்குகிறது, வீட்டுக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது படத்துக்காக. மூன்று டிசைன் வருகிறது, மூன்றிலும் வரிக்குதிரை. கடைக்காரத் தம்பி, "அக்கா, மூணும் ஒண்ணுதானுங்க, எதை வேணா எடுங்க" என்றார். ஒன்றில்லை. உலகத்தில் வரிக்குதிரை மூன்று இனம், வரைந்தவர் அதைத் தெரிந்தே தனித்தனியாக வரைந்திருக்கிறார்.

முதல் டிசைன் கிரேவி வரிக்குதிரை. கோடுகள் மெல்லிசாக, நெருக்கமாக இருக்கும். கோடு வயிற்றுக்கு இறங்காது, அடிவயிறு வெள்ளை. காது பெரிசாக வட்டமாக இருக்கும். இதையெல்லாம் ஸ்கிரீன் பிரிண்டில் கொண்டுவருவது லேசில்லை. கோடு மெலிய மெலிய மை பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் டேபிளில் இப்படி ஒட்டிய பீஸ் எத்தனையோ ரிஜெக்டில் போயிருக்கிறது. இதில் பிடரிக்குக் கீழே, கோடு மிக நெருங்கும் இடத்தில்கூட வெள்ளை தெளிவாக நிற்கிறது. பிரிண்டிங் யூனிட்டில் யாரோ பொறுமைசாலி இருந்திருக்கிறார்.

மூன்றில் அழிவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதும் இதுதான். 1970களின் கடைசியில் 15,000 வரை இருந்தவை இப்போது மூவாயிரத்துக்குள். பெரும்பகுதி கென்யாவின் வடக்கில், கொஞ்சம் எத்தியோப்பியாவில். முன்பு தோலுக்காகச் சுட்டார்கள். இப்போது சண்டை புல்லுக்கும் தண்ணீருக்கும். பகலெல்லாம் ஆடு மாடு தண்ணீரில் நிற்கும், வரிக்குதிரை இருட்டிய பிறகு வந்து குடிக்கும், சிங்கமும் அந்த நேரத்துக்குத்தான் வரும். மற்ற வரிக்குதிரைகள் சில நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கினாலும் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஓரிரு நாளுக்கு ஒருமுறையாவது தண்ணீர் வேண்டும். கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்த்த நம்மாட்களுக்கு, மழை பொய்த்த வருசம் மேய்ச்சல் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே மாடு மேய்க்கும் சம்புரு மக்களையே காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் வேலைக்கு வைத்து 2007 முதல் கிரேவி வரிக்குதிரை அறக்கட்டளை ஒன்று நடக்கிறது. மேய்ப்பவரை விரட்டாமல் கூட நிறுத்திக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

பனியனில் இந்த வரிக்குதிரை வலது பக்கம் தெரியும்படி நிற்கிறது. சும்மா வைத்த போஸ் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கென்யாவில் 2016லும் 2018லும் பொதுமக்களைக் கூப்பிட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். வந்தவர்கள் ஒவ்வொரு வரிக்குதிரையையும் வலப்பக்கம் படம் எடுத்தார்கள். நம் கைரேகை போல ஒவ்வொன்றின் வரியும் வேறு, கம்ப்யூட்டர் அதைப் பார்த்து எது எது என்று பிரித்துவிடும். டிசைனருக்கு இது தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு சபாஷ்.

இரண்டாவது டிசைன் சமவெளி வரிக்குதிரை. அகலக் கோடு, வயிறு வரைக்கும் இறங்கி வரும். மைசூர் மிருகக்காட்சிசாலையில் நாம் பார்ப்பது இதைத்தான். ஐந்து லட்சம் அளவில் இருக்கிறது என்றாலும் குறைந்துகொண்டுதான் வருகிறது. இதன் வகையில் ஒன்றான குவாக்கா, முன்பாதி மட்டும் வரி போட்டது, முழுசாகவே போய்விட்டது. கடைசி குவாக்கா 1883ல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் செத்தது. பிரிண்ட் பரவாயில்லை, சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது மலை வரிக்குதிரை. இதில்தான் கோளாறு. இந்த இனத்துக்கு அடையாளமே இரண்டு: தொண்டைக்குக் கீழே தொங்கும் சின்னத் தோல் மடிப்பான தாடை, பின்புறம் வால் மேலே ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடு. தாடை நன்றாக வந்திருக்கிறது. ஏணிப்படியோ சரியாகப் பக்கத் தையலில் போய் விழுந்து ஓவர்லாக்கில் பாதி மறைந்துவிட்டது. படத்தை இரண்டு இன்ச் உள்ளே தள்ளியிருந்தால் தீர்ந்தது. பேட்டர்ன் போட்டவரும் படம் போட்டவரும் பேசிக்கொள்ளாத கதை, நம் ஊரில் தினமும் நடப்பது. தென்னாப்பிரிக்காவில் நூறுக்கும் கீழே போன கேப் மலை வரிக்குதிரைக்கு 1937ல் ஒரு தேசியப் பூங்கா ஒதுக்கி, இன்று ஆயிரக்கணக்கில் மீட்டிருக்கிறார்கள். அதன் அடையாளம் தையலுக்குள் மாட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தம்தான்.

அடுத்தது பெரிய குறை. குவியலில் ஒரே ஒரு பீஸில் மட்டும் தொங்கும் அட்டையை வெட்ட மறந்திருந்தார்கள். இங்கிலீஷில் இனத்தின் பெயர், வாழும் இடம், என்ன ஆபத்து, ஜனவரி 31 சர்வதேச வரிக்குதிரை நாள் என்று அழகாக அச்சடித்திருந்தது. பிராண்டு பெயர் இருப்பதால் சர்ப்ளஸில் விடும்போது அட்டையையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். அது அவர்கள் ஒப்பந்தம், தப்பில்லை. ஆனால் விழிப்புணர்வு என்று செய்த சரக்கில் விழிப்புணர்வு குப்பைக்கூடைக்கும் பனியன் நமக்குமாக வந்து சேர்கிறது. அப்புறம் இன்னொன்று, நாம் கொடுக்கும் 140 ரூபாயில் ஒரு பைசா கென்யாவுக்குப் போகாது. அதை நினைத்து வாங்காதீர்கள்.

அட்டை இல்லாத குறைக்கு வீட்டில் நான்தான் அட்டை. தங்கை பையன் போட்டுப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, இது பெயிண்ட் அடிச்சதா?" என்றான். ஜஹாங்கீர் பாதுஷா முன்னால் 1621ல் ஒரு வரிக்குதிரை வந்து நின்றபோது அங்கேயும் இதே சந்தேகம்தான், சாயம் பூசியதா என்று சோதித்தே பார்த்தார்கள். அப்புறம்தான் அரசவை ஓவியர் மன்சூர் அதை ஓவியமாக வரைந்தார். வரி எதற்கு என்றும் பையன் கேட்டான். கடிக்கும் ஈ வரியைப் பார்த்தால் சரியாக வந்து உட்கார முடியாமல் தடுமாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலரும் ஒத்துக்கொள்வது. ஜப்பானில் கறுப்பு மாட்டுக்கு வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்து, ஈக்கடி பாதியாகக் குறைந்தது என்று 2019ல் எழுதினார்கள். இதைக் கேட்ட அப்பா, "அப்ப நம்ம செவலைக்கும் சுண்ணாம்பு அடிச்சுப்போடலாங்கறயா அம்மிணி?" என்றார். தொழுவத்துப் பக்கம் போகும்போதெல்லாம் இன்னும் கிண்டல் ஓய்ந்தபாடில்லை.

எடுப்பதென்றால் கிரேவி டிசைனை எடுங்கள். மலை வரிக்குதிரையில் பெரிய சைஸாக எடுத்தால் ஏணிப்படி கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. உள்பக்கம் திருப்பித் துவையுங்கள், பிரிண்ட் மேல் இஸ்திரிப் பெட்டி வேண்டாம். கிரேவியில் 6 வயது, 8 வயது சைஸ் வேகமாகத் தீர்கிறது, பெரியவர்களுக்கு எல் வரைக்கும்தான். இரண்டு பீஸுக்கு மேல் எடுத்தால் பத்து ரூபாய் குறைக்கிறார்கள், கேட்டால்தான்.