கையிலிருந்து கட்டி, பிறகு வாங்கும் மருத்துவக் காப்பீடு: மதுரையில் எப்படி இருக்கிறது?

தேனி, சிவகங்கை, விருதுநகர் என்று சுற்று வட்டாரமே சிகிச்சைக்கு மதுரைக்குத்தான் வருகிறது. மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் பட்டியல்) இல்லாவிட்டால், பெரும்பாலும் முழு பில்லையும் நாமே கட்டிவிட்டு, ரீஇம்பர்ஸ்மென்ட், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். நம்பகமான வசதிதான், ஆனால் காகிதம் சரியாக இருந்தால் மட்டும்.

கிளெய்ம் படிவத்தில் 'ஏ' பகுதி நமக்கு, 'பி' பகுதி மருத்துவமனைக்கு. டிஸ்சார்ஜ் அன்றே 'பி' பகுதியில் சீலும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டால் அதற்காகவே இன்னொரு முறை மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், பணம் கட்டிய ரசீது, பரிசோதனை ரிப்போர்ட், மருந்துச் சீட்டோடு சேர்ந்த மருந்து பில், கேன்சல் செய்த செக் எல்லாம் வேண்டும். வெறும் மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லைத் திருப்பி அனுப்புவார்கள்.

பெரிய அடி அறை வாடகையில்தான். பாலிசியில் ஒரு நாள் வாடகை வரம்பு 4,000 ரூபாய், எடுத்த அறை 5,000 என்றால், வாடகை வித்தியாசத்தோடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணத்திலும் அதே விகிதத்தில் 80 சதவீதம்தான் கிடைக்கும். மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் சாதனம்), பரிசோதனைக்கு இந்த வெட்டு கிடையாது. அங்கேயும் வெட்டியிருந்தால் நிறுவனத்திடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கையுறை போன்ற சில்லறைச் சாமான்கள் பல பாலிசிகளில் வராது.

பதில் திருப்தி இல்லையென்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அடுத்து சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி). அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.