மார்த்தாண்டத்தில் கேம் ஐடி விற்றுத் தரும் கடை: எனக்கு நடந்தது

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி, மாடியில் ஒற்றை அறை. கீழே போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறார்கள், மேலே ஐடி, அதாவது போன் கேமில் ஒருவர் ஆடிச் சேர்த்த கணக்கை, வாங்கி விற்கிறார்கள். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் எதைக் கொண்டுபோனாலும் விலை பேசுவார்கள். போன ஆவணியில் என் பிஜிஎம்ஐ ஐடியை அங்கேதான் கொடுத்தேன். விற்க நினைப்பவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டு அந்தப் படியில் ஏறுங்கள்.

நான் தக்கலையில் டூ வீலர் மெக்கானிக். 2018-இல் பப்ஜி வந்த நாளிலிருந்து ஆடியவன். 2020 செப்டம்பர் 2-இல் அரசு தடை போட்டபோது அதுவரை சேர்த்ததெல்லாம் போச்சு என்று நினைத்தேன். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று திரும்ப வந்தது, பழைய கணக்கின் பொருள்களையும் அதில் மாற்றிக்கொள்ள விட்டார்கள். மறு வருஷம் ஜூலையில் ஸ்டோரில் இருந்து மறுபடியும் தூக்கினார்கள், 2023 மே மாதம் மறுபடியும் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் நான் யூசிக்காக (கேமுக்குள் செல்லும் நாணயம்) போட்ட பணம் 22,000 ரூபாய்க்குக் குறையாது. எம்416 துப்பாக்கிக்குப் போடும் கிளேசியர் ஸ்கின் (அலங்காரத் தோற்றம்) ஒன்று இருந்தது. ஐடி விலை பேசும்போது முதலில் கேட்பதே அதைத்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆட நேரமில்லை. சும்மா கிடக்கும் ஐடிதானே, விற்றால் வரும் காசில் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று போனேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் இருக்கும் பையனுக்குத் தொழில் தெரியும். ஐடியைத் திறந்து ஸ்கின், எக்ஸ்-சூட் என்ற உடை, வண்டி, பட்டம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கால் மணி நேரத்தில் விலை சொன்னான். நாலாம் நாள், "அண்ணே, பார்ட்டி 15,000 தந்தாச்சு. நமக்க கமிஷன் பத்து சதவீதம்" என்றான். 13,500 ரூபாய் அன்றைக்கே ஜிபேயில் வந்தது. ஒரு ரூபாய் இழுத்தடிக்கவில்லை.

ஆனால் ஐடி மட்டும் கொடுத்தால் போதாது, அதோடு இணைத்திருக்கும் ட்விட்டர் கணக்கையும் முதல் ஜிமெயிலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரிஜினல் மெயில் யார் கையில் இருக்கிறதோ அவர் என்றைக்கு வேண்டுமானாலும் ஐடியைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம் என்பதால் மெயில் இல்லாத ஐடிக்குப் பாதி விலைதான். என் மெயில் பாலிடெக்னிக் படிக்கும்போது திறந்தது. மார்க் லிஸ்ட், ஆதார் நகல், வேலைக்கு அனுப்பிய விண்ணப்பம், தங்கச்சியின் கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அதற்குள்தான். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து அழித்தேன். வாங்கியவர் கைக்குப் போவதற்கு முன்னால் அதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. நானாகத் தோன்றிச் செய்தது. அப்படியும் அனுப்பியவை பகுதியில் ஒரு பயோடேட்டா தப்பிவிட்டது.

விற்ற அடுத்த வாரம் தோகாவிலிருந்து என் கூட்டாளி கூப்பிட்டான். தேங்காப்பட்டணத்துக்காரன், அங்கே போட்டில் வேலை. ஐந்து வருஷம் ஒரே ஸ்குவாடில், அதாவது ஒரே அணியில், ஆடியவர்கள் நாங்கள். கேமில் என் பெயர் ஆன்லைனில் காட்டியதும், நான்தான் என்று நினைத்து ஆட அழைத்திருக்கிறான். மைக்கை ஆன் செய்து, அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, லீவு கிடைக்காதது, வீட்டில் யாருக்கும் சொல்லாத கடன் என்று ஐந்து நிமிஷம் பேசியிருக்கிறான். அப்புறம் மறுபக்கம் ஒரு சின்னப் பையனின் குரல்: "அண்ணே, நான் அவரு இல்ல. ஐடி நான் வாங்கிட்டேன்."

"லே மக்கா, விக்கணும்னா ஒரு வார்த்த சொல்லிட்டு வித்திருக்கலாம்லா" என்றான் என்னிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

துப்பாக்கி ஸ்கினுக்குத்தான் விலை என்று நினைத்திருந்தேன். நண்பர்கள் பட்டியலில் நாற்பது பேர் என் பெயரைப் பார்த்து என்னை நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறேன். அதை விற்க எனக்கு உரிமை கிடையாது. அதை ஒருவன் தப்பாகப் பயன்படுத்த நினைத்திருந்தால், என் பெயரில் அந்த நாற்பது பேரிடமும் கடன் கேட்டிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத நம்பர். குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. "தம்பி, எனக்க பிள்ளைக்கு நீங்க என்னமோ வித்தீங்களாம். மகளிர் குழுவுல எடுத்த பணம் தம்பி, வலைக்கு வச்சிருந்தது. 19,000 ரூவா போயிருக்கு." பையன் பதினொன்றாம் வகுப்பு. மெயிலில் தப்பிய பயோடேட்டாவிலிருந்து என் நம்பரை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

19,000 என்று கேட்டதும்தான் கணக்குப் புரிந்தது. என்னிடம் 15,000 என்று சொல்லிவிட்டு நடுவில் 4,000 தனியாக எடுத்திருக்கிறார்கள். அது போக என்னிடம் பிடித்த கமிஷன் 1,500. விற்பவனும் வாங்குபவனும் ஒருவரை ஒருவர் பார்க்காத வியாபாரத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதைவிடப் பெரிய தப்பு, வாங்குகிறவனின் வயதை யாரும் கேட்கவில்லை. நான் உட்பட. 2021-இல் பிஜிஎம்ஐ வந்தபோதே, 18 வயதுக்குக் கீழே இருப்பவர் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்று வரம்பு வைத்தார்கள். கேமுக்குள்ளே இருக்கும் அந்த வேலியைத் தாண்டி, இந்தக் கடை ஒரே தவணையில் அதன் இரண்டரை மடங்குக்கும் மேலே அந்தப் பிள்ளையிடம் வாங்கியிருக்கிறது. குழித்துறை கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா மகனிடம் கேட்டேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 11-ஆம் பிரிவு, மைனரிடம் போட்ட ஒப்பந்தமே செல்லாது என்றான். அது போகட்டும், விற்க உனக்கு அந்த ஐடி சொந்தமா என்று திருப்பிக் கேட்டான். பிஜிஎம்ஐயின் விதிமுறையை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். கணக்கைப் பயன்படுத்த அனுமதிதான் உண்டு, விற்கவோ கைமாற்றவோ கூடாது, தெரிந்தால் முடக்குவார்கள். கிளாஷ் ஆஃப் கிளான்ஸிலும் விதி இதேதான். ஆக, அந்தப் பையன் 19,000 கொடுத்து வாங்கியது, நான் திரும்ப எடுக்க மாட்டேன் என்ற என் வாக்கை மட்டும்.

கம்பெனியே விற்றால் சரி, நாம் விற்றால் தப்பா என்று வொர்க்‌ஷாப்பில் ஒருவன் வாதாடினான். டயப்லோ 3 ஆடியவர்களுக்கு நினைவிருக்கும், அந்த கேமை உருவாக்கிய பிளிசார்ட் கம்பெனி 2012-இல் நிஜப் பணத்துக்குப் பொருள் ஏலம் விடும் சந்தையைத் தானே திறந்தது. அதனால் விளையாட்டே கெடுகிறது என்று 2014 மார்ச்சில் தானே மூடியும் விட்டது. அதுவும் கேமுக்குள் கிடைக்கும் பொருளுக்கான சந்தைதான். ஆளின் பெயரையும் அவன் கூட்டாளிகளையும் சேர்த்துக் கைமாற்றுவது வேறு சங்கதி.

அந்த அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பையன் தலை நிமிரவே இல்லை, செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைக்காரன் என்னை மட்டும் தனியாகப் பால்கனிக்கு அழைத்து, "அண்ணே, எதுக்கு டென்ஷன்? மெயில்ல உங்க நம்பர் இன்னும் ரிகவரியில கிடக்கு. ஐடிய இழுத்துருங்க. வேற பார்ட்டிக்குக் குடுப்போம், ஆளுக்குப் பாதி" என்றான். உள்ளே அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், பேங்க் மெசேஜ் தெரியும்படி போனைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிகிறது. அவனுக்கும் தெரிகிறது.

இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அந்த ஒரு பேச்சுதான். ஆறு மாத கேரண்டி என்று வாங்குபவரிடம் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். அந்த கேரண்டியை உடைக்கும் வழியையும் விற்பவருக்கு அவர்களே சொல்லித் தருகிறார்கள்.

நான் 13,500 ரூபாயை அங்கேயே அந்த அம்மாவுக்குத் திருப்பி அனுப்பினேன். கடைக்காரன் முதலில் சர்வீஸ் சார்ஜ் திரும்ப வராது என்றான். சைபர் மோசடி புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்த பிறகு 4,000 கொடுத்தான். கமிஷன் 1,500-ஐக் கடைசி வரை தரவில்லை. அதை நானே போட்டேன். இறங்கும்போது பையனிடம், இனி எந்த ஐடியும் வாங்காதே, உன் ஐடியையே ஆடு என்றேன். "லெவல் இல்லன்னா ஸ்குவாடுல சேக்க மாட்டானுவ அண்ணே" என்றான். அதற்கு என்ன சொல்வது? என் பழைய கூட்டாளிகளிடம் சொல்லி, அவனுடைய சின்ன லெவல் ஐடியோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறான்.

நட்பு, நேர்மை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்காகவே பாருங்கள். விற்றவனுக்கு 1,500 நஷ்டம், வாங்கியவன் வீட்டில் பத்து நாள் சண்டை, கடைக்கு 1,500 லாபம். வாங்கிய ஐடி முடக்கப்பட்டாலோ, பழைய ஆள் இழுத்துக்கொண்டாலோ, கேட்பதற்கு இந்தக் கடையில் ரசீது கிடையாது, எழுத்தில் எதுவும் கிடையாது.

ஐடி இப்போது என் பழைய போனில் இருக்கிறது. மெயிலின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். நண்பர்கள் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன், தோகாக்காரனுக்கு நேரில் கூப்பிட்டே சொன்னேன். அவன் அப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை கடையிலிருந்து மெசேஜ். "அண்ணே, கிளேசியர் ஐடி கையில இருக்கா? நல்ல பார்ட்டி ஒண்ணு நிக்குது." நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.