வில்லுக்கு வெட்டிய மரம்: பிளப்பதா, அறுப்பதா, அப்படியே வைப்பதா?

ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை வெட்டியவுடன் அதன் வெட்டுமுகம் மஞ்சளை அரைத்துப் பூசியது போலப் பளிச்சென்றிருக்கும். அந்த அழகில் மயங்கிக் கட்டையை வெயிலில் போட்டுவிட்டால் வீணாகிவிடும். சில நாட்களிலேயே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடத் தொடங்கும்.

டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே ‘வில்மரம்’. 1804இல் அமெரிக்க ஆய்வுப்பயணி மெரிவெதர் லூயிஸ் இதன் கிளைகளை அதிபர் ஜெஃபர்சனுக்கு அனுப்பியபோது, பூர்வகுடிகள் வில்லுக்காக இதைத் தேடிப் பல நூறு மைல் போகிறார்கள் என்று எழுதினார். முள்கம்பி வேலி வருவதற்கு முன் கான்சாஸ் விவசாயிகள் இதை உயிர்வேலியாக நட்டார்கள். அப்படி வளர்ந்த வேலி வரிசைகளிலிருந்து இன்றும் வில்லுக்குக் கட்டை கிடைக்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மரப்பசையோ மெழுகோ பெயிண்டோ தடிமனாகப் பூசிவிட வேண்டும். ஈரம் பக்கவாட்டைவிட முனைகள் வழியே பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. முனை சுருங்கும், நடுப்பகுதி சுருங்காது. அந்த இழுபறியில் கட்டை வெடிக்கிறது.

சிலர் பூசிய கட்டையை உருண்டையாகவே நிழலில் அடுக்கி வைக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மரம் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. முழு உருண்டைக்கு அந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ள இடமில்லாததால் எங்காவது பிளந்தே தீரும். அந்தப் பிளவு எந்த இடத்தில் வரும் என்பதை மரம் முடிவு செய்வதைவிட நாம் முடிவு செய்வது மேல்.

ஆகவே பச்சையாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும். அறுப்பதா, பிளப்பதா? ரம்பத்தில் அறுத்தால் கட்டை வீணாகாது, நேரான சட்டங்கள் கிடைக்கும். ஆனால் ரம்பம் நாரோட்டத்தைப் பார்ப்பதில்லை. முறுக்கி வளர்ந்த மரத்தில் அது நார்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்தச் சட்டத்தில் செய்த வில்லை இழுக்கும்போது, முதுகில், அதாவது எய்பவரைப் பார்க்காத வெளிப்புறத்தில், அறுபட்ட நார்முனை சிலும்பி எழுந்து வில்லே ஒடியலாம்.

ஆப்பு வைத்துப் பிளந்தால் கட்டை நார் போன வழியில்தான் பிரியும். முனையில் இரும்பு ஆப்பை இறக்கி, பிளவு ஓடும் இடத்தில் பக்கவாட்டில் அடுத்த ஆப்பை வைத்து, இப்படி மாற்றி மாற்றி முன்னேற வேண்டும். சம்மட்டியை நிறுத்திய பிறகும் உள்ளே ‘சட் சட்’ என்று நார்கள் விட்டுக்கொடுக்கும் ஓசை கேட்கும். இரு பாதிகளையும் இணைத்து நிற்கும் நார்களைப் பிய்த்து இழுக்காமல் கைக்கோடரியால் வெட்டிவிட வேண்டும். பிளந்த துண்டு முறுக்கியே வந்தாலும் நார் முழுமையாக இருக்கும். சிறு முறுக்கைப் பின்னர் சூடு காட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அறுபட்ட நாரை எதனாலும் ஒட்டவைக்க முடியாது. என் தேர்வு ஆப்புதான்.

பட்டை விஷயத்தில் மரத்துக்கு மரம் முறை மாறும். ஹிக்கரி, ஆஷ், எல்ம் போன்ற வெள்ளை மரங்களில் பட்டைக்கு நேர் கீழே உள்ள வளையமே வில்லின் முதுகாக இருக்கலாம். வளரும் பருவத்தில் வெட்டினால் பட்டை வாழைமட்டை போல உரிந்து வரும். குளிர்காலத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஓசேஜில் பட்டையோடு வெளுத்த வெளிமரத்தையும் சீவி, வைரம் பாய்ந்த பகுதியில் ஒரே வளையத்தை முனை முதல் முனை வரை அறாமல் வெளிக்கொணர வேண்டும். பட்டையை விட்டுவைத்தால் முதுகு வெடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதனடியில் வண்டு குடிபுகுந்து துளைத்துவிடும். நான் சீவிவிடுவதையே சொல்வேன், ஆனால் சீவிய கையோடு முதுகு முழுவதும் பூச்சு அடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் வெடிப்பு விழுந்திருக்கலாம்.

பிறகு உலர்த்தல். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. பொறுமை உள்ளவர்களுக்கு ஆபத்துக் குறைந்த வழி அது. அவசரப்படுபவர்கள் பச்சைத் துண்டையே வில் வடிவில் சற்றுத் தடிமனாகச் செதுக்கி, நேரான பலகையில் இறுக்கிக் கட்டி வீட்டுக்குள் வைக்கிறார்கள். தடிமன் குறைந்ததால் சில வாரங்களில் நன்றாக உலர்ந்துவிடும். ஹிக்கரிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஓசேஜில் முதல் கட்டையைக் கையாள்பவர் பொறுத்திருப்பதே நல்லது.

எவ்வழியானாலும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதிவாருங்கள். எடை குறைவது நின்றால் காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் கடலோரக் காற்றில் அந்தச் சமநிலையே வில்லுக்கு அதிக ஈரமாக இருக்கலாம். 8 முதல் 10 சதவீத ஈரம் வேண்டும். அதற்கு மேல் இருந்தால் வில் இழுத்த வளைவிலேயே நின்றுவிடும். அப்போது ஒரு நீளப் பெட்டிக்குள் சூடு தரும் குறைந்த வாட் குண்டு பல்பை எரியவிட்டு, துண்டை அதில் வைத்து, எடை மறுபடி குறைகிறதா என்று பாருங்கள்.