காட்பாடியா, ஏலகிரியா, ஜமுனாமரத்தூரா, திருவண்ணாமலையா? லேப்டாப்போடு ஒரு மாதம்

தன்னைத் தேடி மலைக்குப் போகிறவர் அங்கே போய் இறங்கியதும் முதலில் தேடுவது டவரைத்தான். அதில் கேலி ஒன்றும் இல்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தால்தான் தேடல் இரண்டாவது வாரம் வரைக்காவது தாங்கும்.

1989-ல் பிரிப்பதற்கு முன் வட ஆற்காடு ஒரே மாவட்டம். இப்போது அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகக் கிடக்கிறது. வேலூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டருக்குள் சமவெளி ஊர் (காட்பாடி), சுற்றுலா மலை (ஏலகிரி), பழங்குடி மலை (ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்), கோயில் நகரம் (திருவண்ணாமலை) என நான்கு விதமான இடமும் கிடைக்கும். எது நல்லது என்று கேட்பவர் முதலில் தன் காலண்டரைத் திறந்து, வாரத்தில் எத்தனை மணி நேரம் வீடியோ அழைப்பில் உட்கார வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் என்றால் பாதிப் பட்டியல் அங்கேயே கழிந்துவிடும்.

அழைப்பு எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். ஜெர்மனியில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க்கின் காலை 10 மணி நமக்கு இரவு 7.30 அல்லது 8.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா அதே மாதம் கடைசி ஞாயிறு. இடையில் வரும் இரண்டு மூன்று வாரங்களில்தான் ஆட்கள் மீட்டிங்கைத் தவறவிடுவார்கள். அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவருக்கு மாலை ஏழு மணிக்கு மேல் நல்ல நெட் வேண்டும். மலையில் நெட் படுத்துக்கொள்வதும் அதே ஏழு மணிக்குத்தான்.

காட்பாடியில் அழகு என்று சொல்ல அதிகம் இல்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆனாலும் வேலை பார்க்க இதைவிடத் தோதான இடம் இந்தப் பக்கம் கிடையாது. சென்னைக்கு 130 கிலோமீட்டர், விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். பெங்களூருவுக்கு பிருந்தாவன், லால்பாக் இரண்டும் இங்கே நின்று போகின்றன. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆபீசில் தலைகாட்டச் சொல்லும் கம்பெனிக்காரருக்கு இது பெரிய வசதி. வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருப்பதால் மாத வாடகை அறை, மெஸ், ஜெராக்ஸ் கடை, லேப்டாப் ரிப்பேர் எல்லாம் நடக்கும் தூரத்தில். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி சமையலறையோடு வார வாடகைக்கு அறைகள் உண்டு. ஆனால் அவை வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கானவை. ஊர் சுற்ற வந்தவர் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அறை பார்க்கும்போது "இன்வெர்ட்டர் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்றே சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போகும், பிளக் பாயிண்ட்டுக்குப் போகாது. மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு மேஜைக்குப் பக்கத்து பிளக்கில் போன் சார்ஜர் போட்டுப் பாருங்கள். மாதாந்திர பராமரிப்பு மின்தடை காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் சில நாள் மாலை வரை இழுக்கும். முந்தின நாள் பேப்பரில் துணை மின் நிலையம் வாரியாக வரும். உங்கள் தெரு எந்தத் துணை மின் நிலையத்தில் சேர்ந்தது என்று வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பவர் பேங்க் போதாதா என்பார்கள். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் இருப்பது 74 வாட்-மணி. மாற்றும்போது போகும் இழப்பு கழித்தால் கைக்கு அறுபது வரும். 20 வாட் இழுக்கும் லேப்டாப்புக்கு அது மூன்று மணி நேரம், அதுவும் பவர் பேங்க் 45 வாட்டுக்கு மேல் டைப்-சி வழியாகக் கொடுக்கக்கூடியதாக இருந்தால். ரவுட்டருக்குத் தனியாக ஒரு குட்டி யு.பி.எஸ். போடலாம். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். அதையும் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், கரண்ட் போனதும் ரவுட்டரில் எல்லா விளக்கும் எரியும், நெட் மட்டும் வராது. தெருக்கம்பத்தில் கேபிள்காரர் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் கரண்ட் வேண்டுமே! "அண்ணா, கம்பத்துல இருக்க பாக்ஸுக்கு பேட்டரி வெச்சிருக்கீங்களா?" என்று கனெக்‌ஷன் எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். வீட்டு வாடகையோடு இ.பி. யூனிட்டுக்கு என்ன ரேட், குழாயில் வருவது போர் தண்ணீரா காவிரித் தண்ணீரா என்பதையும் அந்த மூச்சிலேயே கேட்டுவிடலாம்.

ஏலகிரி இதற்கு நேர் எதிர். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை 84 கிலோமீட்டர், விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பொன்னேரியில் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர். மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம். ஏ.சி. இல்லாமல் தூங்கலாம், காலையில் புங்கனூர் ஏரியைச் சுற்றி நடக்கலாம், விடுமுறை நாளில் சுவாமிமலை ஏறலாம். படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் இங்கே வாரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை ஆள் இருக்காது. வெள்ளி மாலை சென்னைக் காரும் பெங்களூரு காரும் மேலே ஏறத் தொடங்கினால் அறை வாடகையும் ஏறும், டவரின் பாரமும் ஏறும். செவ்வாய்க்கிழமை மதியம் வேகம் பார்த்துவிட்டு அறை எடுத்தவர் வெள்ளி இரவு அமெரிக்க அழைப்பில் மாட்டிக்கொள்வார். "வைஃபை உண்டு" என்று பலகையில் போட்டிருப்பது பல இடங்களில் ரிசப்ஷனுக்கு மட்டும்தான். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி அறைக்குள் வருவதற்குள் அது இளைத்துவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன், சனி இரவு எட்டு மணிக்கு, கட்டிலில் உட்கார்ந்து எடுத்த ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். பார்க்க வேண்டியது பதிவிறக்க எண்ணை அல்ல, பதிவேற்ற எண்ணை. வீடியோ அழைப்புக்கு மூன்று நான்கு எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) தாராளம். 600 எம்.பி. டிசைன் கோப்பை 2 எம்.பி.பி.எஸ்.ஸில் ஏற்ற 40 நிமிடம் ஆகும். கூடவே கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு நூறு முறை பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) அடித்துப் பார்த்தால் நல்லது. ஐந்தாறு தொலைந்தாலே உங்கள் பேச்சு அந்தப் பக்கம் வெட்டி வெட்டிக் கேட்கும்.

போன் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் போகிறவர் தினம் ஒன்றரை ஜிபி பிளானில் போகக்கூடாது. நல்ல தரத்தில் வீடியோ அழைப்பு மணிக்கு ஒரு ஜிபி வரை தின்னும். தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு விழும். வேறு வேறு கம்பெனி சிம் இரண்டு, போனை ஜன்னல் விளிம்பில் வைத்து யு.எஸ்.பி. கேபிளில் இணைப்பு, இதுதான் மலையில் நிலைக்கும் ஏற்பாடு.

ஜமுனாமரத்தூரை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே சிலருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஜவ்வாது மலையில் சில ஊர்களில் ஏதோ ஒரு கம்பெனி டவர் மட்டும் எட்டும், பக்கத்து வளைவில் அதுவும் போய்விடும். தங்கும் இடம் குறைவு. ராத்திரி சீக்கிரமே கடை அடைத்துவிடுவார்கள். கையில் ரொக்கமும் வழக்கமான மாத்திரையும் எடுத்துப் போக வேண்டும். போளூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பேருந்து உண்டு, ஆனால் கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தினசரி அழைப்பு உள்ளவருக்கு இது ஆகாது. மொழிபெயர்ப்பு, எடிட்டிங், புத்தக வேலை, தனியாக எழுதும் புரோகிராம் என்று காலையில் கோப்பை இறக்கிக்கொண்டு மூன்று நாள் கழித்து ஏற்றுகிற வேலைக்காரருக்கு மற்ற மூன்றிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். அது இருட்டு. இருட்டான வானத்துக்காகத்தான் 1960-களின் பிற்பகுதியில் வானியலாளர் வைணு பாப்பு இதே மலையில் இருக்கும் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்தார். 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஆய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. போகும் முன் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் மேகம் மூடியிருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

திருவண்ணாமலை, தேடல் என்ற சொல்லுக்கு ஊரே உரிமை கொண்டாடும் இடம். 1896-ல் பதினாறு வயதுப் பையனாக வந்த ரமணர் 1950-ல் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. இடம் மாறி இடம் மாறித் தன்னைத் தேடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும் சேதிதான். ரமணாசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், சில நாள்தான் கிடைக்கும். லேப்டாப்பை விரித்து உட்கார அது இடமும் இல்லை. செங்கம் சாலைப் பக்கம் மாத வாடகை அறை பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டினர் வருவதால் வாடகை கூடும். ஜூலை, ஆகஸ்டில் பேரம் பேசலாம்.

நெட் பொதுவாகப் பரவாயில்லை. ஆனால் பௌர்ணமி இரவும் கார்த்திகை தீப நாட்களும் வேறு கணக்கு. சாலை முழுக்க ஜனம், டவர் திணறும், பேருந்தில் நிற்கவும் இடம் இருக்காது. அந்தத் தேதிகளில் கெடு வைத்த வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரண நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் எட்டு, எட்டரைக்கு முடித்துக் குளித்து ஒன்பதரைக்கு வேலையில் உட்காரலாம். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் வெறுங்காலோடு அந்தச் சாலையில் நடக்க முடியாது. வேலூரிலிருந்து போளூர் வழியாகப் பேருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் ரயிலையும் 2024 மே முதல் இங்கே வரை நீட்டியிருக்கிறார்கள்.

தினசரி அழைப்பு உள்ளவருக்குக் காட்பாடிதான், அதில் விவாதமே இல்லை. ஐரோப்பிய அழைப்புகளை மாலை ஆறு மணிக்குள் முடித்துக் கை கழுவுகிறவர் திருவண்ணாமலைக்குப் போகலாம். ஏலகிரிக்கு ஞாயிறு மாலை ஏறி வெள்ளி காலை இறங்குகிறவருக்கு வாடகையும் குறையும், நெட்டும் தாங்கும். உரிமையாளரிடம் "அஞ்சு நாள், திங்கள்ல இருந்து" என்று பேச்சைத் தொடங்கினாலே குரல் மாறும். ஜமுனாமரத்தூருக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் போவதே உத்தமம். லேப்டாப் காட்பாடி அறையிலேயே பூட்டிக் கிடக்கட்டும், சார்ஜரும்தான்.