வெள்ளை உதட்டு மலைப்பாம்பு ஜோடி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

"கூண்டிலேயே பிறந்த குட்டிகள். ஆண், பெண் ஜோடி. உறைய வைத்த எலியைச் சூடாக்கிக் கொடுத்தால் தயங்காமல் சாப்பிடும்." இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்ற ஜோடியில் இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மை இல்லை.

வெள்ளை உதட்டு மலைப்பாம்பு நியூ கினியிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் வாழ்வது. கருந்தலை, பொன்பழுப்பு உடம்பு, வெளிச்சம் பட்டால் தோலில் வானவில் ஓடும். உதட்டுச் செதில்களில் கருப்பும் வெள்ளையும் ஆர்மோனியக் கட்டைகள் போல மாறி மாறி வரும். சரியான முன்கோபி. காற்றில் ஈரம் குறைந்தால் சட்டையைத் துண்டு துண்டாகத்தான் உரிக்கும். பந்து மலைப்பாம்பைப் போலப் பலரும் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிற இனம் இல்லை. ஏமாற்றுகிறவருக்கு இதுதான் வசதி, ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் இன்னொன்று இருக்காது.

பெட்டியைத் திறந்ததும் பெரிய பாம்பின் வால் அடியில் ஒரு செதில் மட்டும் லேசாகத் தூக்கியிருந்தது. விலக்கிப் பார்த்தால் உள்ளே தட்டையாக ஓர் உண்ணி. கழிவுத் துவாரத்தைச் சுற்றி இன்னும் சில. கழுத்துப் பக்கம் ஆறிப்போன பழைய கடித் தழும்பு. சுத்தமான கூண்டில் பிறந்து வளர்ந்த குட்டிக்கு உண்ணி எங்கிருந்து வரும்? விற்றவரிடம் கேட்டால், "கண்காட்சியில் பக்கத்துக் கூண்டிலிருந்து ஒட்டியிருக்கும்" என்றார். பக்கத்துக் கூண்டிலிருந்து ஒட்டுவது பாம்புப் பேன். மிளகுத்தூள் தூவினாற்போல் தண்ணீர்க் கிண்ணத்தில் செத்துக் கிடக்கும். செதிலுக்கடியில் புதைந்திருக்கும் உண்ணிகளும் பழைய தழும்பும் சேர்ந்து இருந்தால் அது காட்டைத்தான் காட்டும்.

சான்றிதழ் கொடுத்தார், அதை நான் மறுக்கவில்லை. சைட்டிஸ், அதாவது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் அனுமதித் தாளின் நகல். மலைப்பாம்புகள் எல்லாமே அந்த ஒப்பந்தப் பட்டியலில் வருவதால் நாடு விட்டு நாடு போக அந்தத் தாள் வேண்டும். அதில் 'எங்கிருந்து வந்தது' என்பதற்கு ஒற்றை எழுத்துக் குறியீடு இருக்கும்: 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது, 'சி' என்றால் கூண்டில் இனப்பெருக்கம் செய்தது, 'எஃப்' என்றால் கூண்டில் பிறந்தது, ஆனால் 'சி'க்கான நிபந்தனைகளை எட்டாதது. என் தாளில் இருந்தது 'எஃப்'. அந்த எழுத்தையும் அப்படியே நம்ப முடியாது. இந்தோனேசியாவிலிருந்து 'பண்ணையில் பிறந்தவை' என்று ஏற்றுமதியான பச்சை மர மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அது வேறு இனம்தான், ஆனால் அதே நியூ கினிப் பகுதியிலிருந்து வருவது.

அடுத்தது ஜோடிக் கதை. கழிவுத் துவாரத்தின் இரு பக்கமும் உள்ள சிறு முள்ளைப் படம் எடுத்து அனுப்பி, "பெரிய முள் ஆண், சின்ன முள் பெண்" என்று சொல்லியிருந்தார். முள்ளை வைத்துப் பாலினம் சொல்வது ஊகம்தான். மருத்துவர் கழிவுத் துவாரம் வழியாக மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார், ஆழமாக இறங்கினால் ஆண். இரண்டிலும் ஆழமாக இறங்கியது. இரண்டும் ஆண். ஒரே கூண்டில் விட்டிருந்தால் ஒன்றையொன்று அமுக்கிச் சண்டை போட்டிருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் மனிதர் கெட்டிக்காரர். சின்னப் பாம்பு எலியைப் பாதி செரித்த நிலையில் கக்கியதைச் சொன்னபோது, "இந்த இனம் ரோம உருண்டை கக்கும், தெரியாதா?" என்று கேட்டார். கக்கும், உண்மைதான். ஆனால் அது இரையின் காய்ந்து இறுகிய ரோமம். வந்தது காலும் வாலும் தெரிகிற முழு எலி. உண்மை ஒன்றைப் பாதி எடுத்துப் பொய்க்குப் போர்வையாகப் போர்த்துகிறார்கள். அவர் அனுப்பிய இரை எடுக்கும் வீடியோவும் அப்படித்தான். அதில் வருகிற பாம்பின் உதட்டு வரிசையை என்னிடம் வந்தவற்றோடு வைத்துப் பார்த்தேன், இரண்டோடும் பொருந்தவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரியது வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தது, வாயோரம் நூல் நூலாக எச்சில். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினோம். நிடோவைரஸ். மலைப்பாம்புகளின் சுவாச நோயோடு இந்த வைரஸுக்கு உள்ள தொடர்பு 2014-இல்தான் வெளியே வந்தது. வைரஸை அழிக்க மருந்து கிடையாது, கூடச் சேரும் பாக்டீரியாத் தொற்றுக்குத்தான் வைத்தியம் பார்க்க முடியும். பெரியது பிழைக்கவில்லை. சின்னதுக்கும் வைரஸ் உண்டு என்று முடிவு வந்தது, அதுவோ இன்றுவரை ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது இதனால்தான். நல்லவேளை, தனி அறை, தனிக் கிண்ணம், தனி இடுக்கி என்று வைத்திருந்ததால் மற்ற பாம்புகளுக்குப் போகவில்லை.

அவர் கொடுத்த உத்தரவாதம் 'உயிரோடு வந்து சேரும்' என்பது மட்டுமே. உயிரோடுதான் வந்தது, அவர் கணக்கில் விஷயம் முடிந்தது. கூண்டின் வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் எழுதி வைத்த குறிப்பை அனுப்பினேன். "உங்கள் வளர்ப்பு சரியில்லை" என்று ஒரு வரி பதில்.

ஆகவே வாங்குமுன் இதைக் கேளுங்கள்: அன்றைய தேதி எழுதிய தாள் பக்கத்தில் தெரிய, அதே பாம்பு இரை எடுக்கும் வீடியோ. முட்டை பொரிந்த தேதியும் தாய் தந்தையின் படமும். ஏதாவது மருத்துவர் பெயரில் நிடோவைரஸ் பரிசோதனை முடிவு. பாலினம் உங்கள் முன்னால் பார்க்கப்பட வேண்டும். உண்மையாக வளர்ப்பவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், கேட்காமலேயே காட்டுவார். வந்த பிறகும் குறைந்தது மூன்று மாதம் தனியே வையுங்கள். அடியில் வெள்ளைத் தாள் விரித்தால் பேன் இருப்பது உடனே தெரியும்.

கடைசியாக ஒன்று. விவகாரம் பெரிதாகும் போலத் தெரிந்ததும், "மிச்சமிருப்பதைத் திருப்பி அனுப்புங்கள், வேறு ஜோடி தருகிறேன்" என்றார். நான் அனுப்பவில்லை. திரும்பிப் போகிற அந்தப் பாம்பு, புதுப் படத்தோடு அடுத்தவர் வீட்டுக்குத்தான் போகும். உங்களிடமும் அப்படிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.