பேஸ் கிதாருக்கு வால்வு ஆம்ப்பா, கிளாஸ் டி ஆம்ப்பா?

1969-இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்விடி என்ற ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி), வெற்றிடக் குழாய்களான வால்வுகள் பதினான்குடன் 300 வாட் தந்து, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய பெட்டிகளை அதிரவைத்தது. தந்தியை அழுத்தி மீட்டும்போது வால்வுகள் மெல்லக் கரகரத்து ஒலிக்குச் சேர்க்கும் அந்தக் கனத்துக்கு இன்றும் ஈடில்லை என்பதே என் கருத்து. ஆனால் அதை மாடிப்படி ஏற்ற இருவர் வேண்டும். டிரான்சிஸ்டர்களை அதிவேகமாக இயக்கி நிறுத்தி ஒலியைப் பெருக்கும் கிளாஸ் டி ஆம்ப்போ 500 வாட் தந்தும் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். சிறு அரங்குக்கு 8 ஓம் மின்தடை கொண்ட ஸ்பீக்கர் பெட்டி ஒன்று போதும், பெரிய மேடைக்கு அதே போன்ற இன்னொன்றை இணையாகச் சேர்த்து 4 ஓம் ஆக்கி, ஆம்ப்பிடமிருந்து கூடுதல் திறனைப் பெறலாம். அரங்கின் ஒலிபெருக்கிகளே சுமையைத் தாங்கும் இந்நாளில் நான் கிளாஸ் டி ஆம்ப்பையே பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும், ஆம்ப்பையும் பெட்டியையும் கிதார் கேபிளால் இணைக்காதீர்கள்: அதன் மெல்லிய உட்கம்பி சூடேறி அறுந்தால், வால்வு ஆம்ப்பில் வால்வுகளின் திறனை ஸ்பீக்கருக்குக் கடத்தும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே கருகிவிடக்கூடும்.